ஒரே சிப்பில் பல கோரா, ஒரே போர்டில் இரண்டு புரோசசரா? சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கணினி தேடும் அம்மா, கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர், எஸ்டேட் ஆபீஸ் கிராணி, கோயில் கமிட்டிச் செயலாளர் என்று கேட்பவர்கள் வேறு வேறு. சந்தேகம் மட்டும் ஒன்றே: "கோர் அதிகம் உள்ளதை வாங்குவதா, புரோசசர் இரண்டு உள்ளதை வாங்குவதா?" அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் ஊரில் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு, போதுமான கோர் உள்ள ஒரே ஒரு புதிய புரோசசர்தான் சரி. இரண்டாவது புரோசசருக்குப் போகும் பணம் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத விரைவான சேமிப்பகம்), ராம் (வேலை நடக்கும்போது தரவைத் தாங்கும் நினைவகம்), யுபிஎஸ் (கரண்டு போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டி) மூன்றிலும் போனால் அதிகப் பலன் தரும். ஏன் என்பதும், எங்கே இது பொருந்தாது என்பதும் கீழே.

1. அண்ணே, கோர்னா என்ன, புரோசசர்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. கோயில் திருவிழா அன்னதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சமையற்கட்டில் ஆறு பேர் சமைக்கிறார்கள்; அரிசி, பருப்பு, தேங்காய் எல்லாம் ஒரே அறையில் இருக்கிறது. இது பல கோர் உள்ள ஒரு புரோசசர். ஆட்கள்தான் கோர்கள். சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு சமையற்கட்டு போட்டு, அங்கேயும் ஆறு பேர், அங்கேயும் தனியாக ஒரு சாமான் அறை என்றால் அது இரண்டு புரோசசர் உள்ள கணினி.

கணினியில் அந்தச் சமையற்கட்டு என்பது மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகை) புரோசசர் உட்காரும் சாக்கெட். சாதாரண டெஸ்க்டாப்பில் ஒரு சாக்கெட் இருக்கும். சர்வர் (பலருக்குச் சேவை தரும் பொதுக் கணினி), வொர்க்ஸ்டேஷன் (கனமான வேலைக்கான கணினி) வகைகளில் இரண்டு, அபூர்வமாக நான்கு, எட்டு வரை இருக்கும். லேப்டாப்பில் ஒன்றுதான்.

2. என் கம்ப்யூட்டர்ல எத்தனை இருக்குன்னு எப்படிப் பார்க்கிறது?

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு-வைத் தொட்டால் வலது கீழே சாக்கெட்ஸ், கோர்ஸ், லாஜிக்கல் புரோசசர்ஸ் என்று மூன்று எண்கள் தெரியும். முதல் எண் 1 என்றால் ஒரு புரோசசர். கடைக்காரர் வாயால் சொல்வதை விட இந்த மூன்று வரிகளை நம்புங்கள்.

3. கடையில 12 கோர்னு சொன்னாங்க, வீட்டுல பார்த்தா 6 தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் அவர் த்ரெட்டை (டாஸ்க் மேனேஜரில் லாஜிக்கல் புரோசசர்ஸ் என்று தெரிவது) கோர் என்று சொல்லியிருப்பார். இன்டெல் கோர் ஐ5-12400-இல் (இந்தக் "கோர்" வெறும் பிராண்டுப் பெயர்) 6 கோர், 12 த்ரெட். ஒரு கோர் நினைவகத்திலிருந்து தரவு வரக் காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு வேலையைக் கையில் எடுக்க வைக்கும் ஏற்பாடு இது. இன்டெல் 2002-இல் ஹைப்பர் த்ரெடிங் என்ற பெயரில் கொண்டுவந்தது. சமையற்காரர் உலை கொதிக்கும் வரை சும்மா நிற்காமல் வெங்காயம் நறுக்குவது போல. ஆள் இரண்டாகிவிடுவதில்லை. வேலையைப் பொறுத்து கொஞ்சம் கூடுதலாக நடக்கும், அவ்வளவுதான்.

2021 கடைசியில் வந்த இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகை. ஐ5-13400-இல் "10 கோர்" என்பது 6 பெரியது, 4 சிறியது. சிறியதற்கு ஹைப்பர் த்ரெடிங் கிடையாது. அதனால்தான் மொத்த த்ரெட் 20 ஆகாமல் 16-இல் நிற்கிறது. எனவே இரண்டு கணினிகளை ஒப்பிடும்போது கோர் எண்ணிக்கையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். எந்தத் தலைமுறை, எத்தனை பெரிய கோர் என்று கேளுங்கள்.

4. அந்தக் காலத்துல ரெண்டு புரோசசர் போட்டாத்தான் வேகம்னு சொல்வாங்களே?

அப்போது உண்மை. ஒரு சிப்பில் ஒரு கோர்தான் இருந்தது. இரண்டு வேண்டுமென்றால் இரண்டு சிப் வாங்கித்தான் ஆக வேண்டும். 1999-இல் அபிட் நிறுவனத்தின் பிபி6 போர்டில் இரண்டு செலரான் (இன்டெல்லின் மலிவு வகைப் புரோசசர்) போட்டு ஓட்டியவர்கள் உண்டு. அதிலும் விண்டோஸ் 98 போட்டால் இரண்டாவது புரோசசர் சும்மாவே கிடக்கும். விண்டோஸ் என்டி அல்லது 2000 தேவைப்பட்டது.

பிறகு வேகத்தைக் கிகாஹெர்ட்ஸில் கூட்டிக்கொண்டே போன வழி சூட்டினால் அடைபட்டது. பென்டியம் 4 3.8 கிகாஹெர்ட்ஸில் நின்றது. 4 கிகாஹெர்ட்ஸ் வரும் என்று அறிவித்திருந்ததை இன்டெல் 2004-இல் கைவிட்டது. 2005 மே மாதம் இன்டெல்லின் பென்டியம் டி, போட்டி நிறுவனமான ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 இரண்டும் வந்தன. அன்றிலிருந்து சாதாரண மேசைக் கணினிக்குள்ளேயே இரண்டு கோர். இரண்டு சாக்கெட் போர்டு செய்துவந்த வேலையின் பெரும்பகுதி ஒரே சிப்புக்குள் போய்விட்டது.

5. கோர் ரெண்டு மடங்கானா வேலையும் பாதி நேரத்துல முடியுமா?

முடியாது. எந்த வேலையிலும் பிரித்துக் கொடுக்க முடியாத பகுதி ஒன்று இருக்கும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-இல் எடுத்துச் சொன்ன கணக்கு இது. ஒரு கோரில் 60 நிமிடம் பிடிக்கும் வேலையில் 15 நிமிடம் பிரிக்க முடியாதது என்று வைத்துக்கொள்வோம். மீதி 45 நிமிடத்தை நான்கு கோர் பங்கிட்டால் மொத்தம் 26 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். எட்டு கோர் என்றால் 20 நிமிடம் 40 விநாடி அளவு. பதினாறு என்றால் 18 நிமிடத்துக்குச் சற்றுக் கீழே. ஆயிரம் கோர் போட்டாலும் 15 நிமிடத்துக்குக் கீழே வராது. நான்கிலிருந்து எட்டுக்குப் போனபோது ஐந்தரை நிமிடம் மிச்சம்; எட்டிலிருந்து பதினாறுக்குக் காசு கொடுத்தால் மூன்று நிமிடம் கூட மிச்சமில்லை.

இதை உங்கள் கணினியிலேயே கண்ணால் பார்க்கலாம். 2-ஆம் கேள்வியில் சொன்ன அதே திரையில் வரைபடத்தின் மேல் வலது சொடுக்கி, லாஜிக்கல் புரோசசர் வாரியாகக் காட்டும்படி மாற்றுங்கள். சிறு சிறு கட்டங்களாகப் பிரியும். இப்போது நீங்கள் தினமும் செய்யும் வேலையை ஓட்டுங்கள். கட்டங்கள் எல்லாம் ஒன்றாக மேலே ஏறினால் கூடுதல் கோர் பயன்படும். ஒரு கட்டம் மட்டும் விளிம்பு வரை நிரம்பி, மற்றவை தரையோடு தரையாகப் படுத்திருந்தால், அந்த மென்பொருளுக்கு 64 கோர் வாங்கிப் போட்டாலும் ஒரு நிமிடம்கூடக் குறையாது. அதற்கு வேண்டியது வேகமான ஒரு கோர். (சில சமயம் சுமை ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும்; அதுவும் ஒரு கோர் வேலைதான்.) எந்தக் கட்டமும் நிரம்பவில்லை, ஆனாலும் கணினி தவழ்கிறது என்றால் டிஸ்க்கைப் பாருங்கள். அது 100 விழுக்காட்டில் நின்றால் குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க்.

6. அப்போ என் வேலைக்கு எத்தனை கோர் போதும்?

பள்ளிப் பாடம், இணைய வகுப்பு, கடிதம், எக்செல், செக்ரோல் (எஸ்டேட் சம்பளப் பதிவு) கணக்கு: 4 கோர் 8 த்ரெட் தாராளம். ஐ3-12100 இந்த வகை. இதில் ராம் 8 ஜிபி ஒற்றைக் குச்சியாக இல்லாமல் இரண்டு 8 ஜிபி குச்சிகளாகப் போட்டு, எஸ்எஸ்டியும் இருந்தால், ஹார்ட் டிஸ்க் உள்ள 8 கோர் கணினியை விட விரைவாகத் திறக்கும். புகைப்பட ஆல்பம் வடிவமைப்பு: 6 கோர், ராம் 16 அல்லது 32. ஃபோட்டோஷாப்பில் பல வேலைகள் ஒன்றிரண்டு கோர்களையே நம்பியிருக்கின்றன. கல்லூரியில் நிரலாக்கம் படிக்கும் பிள்ளை: 6 கோர், ராம் 16.

பிளெண்டரில் புரோசசரைக் கொண்டு 3டி படம் உருவாக்குவது, பெரிய நிரல்களைத் தொகுப்பது, ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை (மென்பொருளாலேயே உருவாகும் கணினிகள்) ஓட்டுவது ஆகியவைதான் கோரை உண்மையாகவே தின்னும் வேலைகள். இவற்றுக்கு 12, 16 கோர் வரை போகலாம். ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் 16 கோர் 32 த்ரெட்டை ஒரே சாக்கெட்டில் தருகிறது.

7. கல்யாண வீடியோ எடிட் பண்றேன். ரெண்டு ஸீயான் போட்டா டைம்லைன் திக்காம ஓடுமா?

இந்த இடத்தில்தான் அதிகப் பணம் வீணாகிறது. டைம்லைன் (காட்சிகளை அடுக்கி ஓட்டிப் பார்க்கும் பட்டை) திக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கோர் பற்றாக்குறை இல்லை. கேமராவிலிருந்து வரும் எச்.264, எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறைகள்) கோப்புகளில் ஒவ்வொரு படமும் முழுதாக இருக்காது; முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பார்த்துத்தான் ஒரு படத்தை விரிக்க முடியும். அதை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று இன்டெல் கோர் வகைப் புரோசசர்களின் உள்ளிணைந்த கிராஃபிக்ஸில் இருக்கிறது. குவிக் சிங்க் என்பது அதன் பெயர். ஸீயான் இன்டெல்லின் சர்வர் வகைப் புரோசசர்; அதன் இ5 வகையில் உள்ளிணைந்த கிராஃபிக்ஸே கிடையாது. அதனால் 6 கோர் ஐ5 வழுக்கிக்கொண்டு போகும் கோப்பில், 14 கோர் வீதம் இரண்டு ஸீயான் போட்ட 28 கோர் கணினி இடறும்.

இதில் ஒரு எழுத்து முக்கியம். மாடல் எண்ணின் கடைசியில் "எஃப்" இருந்தால், உதாரணமாக 12400எஃப், உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் இல்லை, குவிக் சிங்கும் இல்லை. கொஞ்சம் மலிவு என்று அதை வாங்கிவிட்டு வருந்துபவர்கள் உண்டு. உங்கள் கேமரா 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடிய பதிவு) எச்.265-இல் பதிவு செய்தால் இன்னும் கவனம்: பல கிராஃபிக்ஸ் கார்டுகள் அதை விரிக்காது, 12-ஆம் தலைமுறை இன்டெல் உள்ளிணைப்பு விரிக்கும்.

கல்யாண வேலைக்கு எங்கள் பரிந்துரை: 8 பெரிய கோர் உள்ள, "எஃப்" இல்லாத இன்டெல் (ஐ7-12700 போல), ராம் 32 ஜிபி, மென்பொருளுக்கு ஒரு என்விஎம்இ (இன்னும் வேகமான வகை) எஸ்எஸ்டி, நடப்பு வேலைக்கு இன்னொன்று, நடுத்தரக் கிராஃபிக்ஸ் கார்டு. அப்படியும் திக்கினால் புரோக்ஸி (எடிட் செய்ய மட்டும் உதவும் சிறிய நகல் கோப்புகள்) செய்யுங்கள். இரவில் ஓட விட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும்.

8. ஷோப்பியில 28 கோர் 56 த்ரெட் பழைய வொர்க்ஸ்டேஷன் மலிவாக் கிடைக்குது. புது ஐ5 விலைதான். எடுக்கலாமா?

அந்த 28 என்பது பெரும்பாலும் இரண்டு ஸீயான் இ5-2680 வி4. ஒவ்வொன்றிலும் 14 கோர், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், 120 வாட், 2016-இல் வந்தது. நல்ல சிப்தான், பொய்யில்லை. ஆனால் ஒரு கோருக்கு ஒரு கோர் வைத்துப் பார்த்தால் ஐ5-12400 ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். எல்லாக் கோரும் ஓடும் வேலையிலும் அந்த 6 கோர், ஒரு 14 கோர் ஸீயானுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உங்கள் வேலை 5-ஆம் கேள்வியின் கட்டங்களை எல்லாம் நிரப்பும் வகை என்றால் மட்டுமே இரண்டு ஸீயான் முந்தும்.

அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இ5 வி4 வகை விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறது. குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுக்கும் விற்பனையாளர் உண்டு. அடுத்த பெரிய புதுப்பிப்பு தானாக வராது. லினக்ஸ் ஓட்டத் தெரிந்தவருக்கு இது தடையே இல்லை. வங்கிக் கணக்கும் சம்பளக் கணக்கும் பார்க்கும் ஆபீஸுக்கு இது பெரிய தடை.

கரண்டு பில்லையும் போட்டுப் பாருங்கள். இரண்டு புரோசசர் மட்டும் முழுச் சுமையில் 240 வாட். எட்டுக் குச்சி ராம், போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் சேர்ந்தால் 400 வாட்டைத் தாண்டும். சுமையும் ஓய்வும் கலந்து சராசரி 200 வாட் என்று வைத்தாலும் பத்து மணி நேரத்துக்கு 2 யூனிட். ஐ5 கணினி சராசரி 70 வாட் என்றால் 0.7 யூனிட். மாதம் 26 நாளுக்கு வித்தியாசம் 34 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் பில்லில் உள்ள விலையால் பெருக்கி, மூன்று வருடத்துக்குக் கூட்டுங்கள். அந்த 200 வாட்டும் அறைக்குள் சூடாகத்தான் வெளியே வரும். அதை வெளியேற்ற ஏர்கோன் ஓட்டும் செலவு இந்தக் கணக்கில் இல்லை.

இதே ஸீயான்களுக்காகப் புதிய பெட்டியில் "எக்ஸ்99" என்று எழுதி வரும் பெயர் தெரியாத போர்டுகளில் பல, உள்ளே பி85, எச்81 போன்ற வேறு சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) வைத்து வருகின்றன. ஓடும், ஆனால் பயோஸ் (கணினியை எழுப்பும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) புதுப்பிப்புக்கு யாரைக் கேட்பது? பிராண்டு வொர்க்ஸ்டேஷன் என்றால் போர்டு நம்பகமானது. அதற்குப் பதில் பவர் சப்ளையும் விசிறியும் அந்த மாடலுக்கே உரியவை. கெட்டுப்போனால் ஈப்போவில் கடை கடையாக ஏறினாலும் சாதாரண பவர் சப்ளை பொருந்தாது.

9. ஆபீஸ்ல இருக்குற பழைய மெஷின்ல ரெண்டாவது சாக்கெட் காலியா இருக்கு. இன்னொரு புரோசசர் மட்டும் வாங்கிப் போட்டாப் போதுமா?

போதாது. முதலில் புரோசசர் அதே மாடலாக இருக்க வேண்டும். மூடியின் மேல் பொறித்திருக்கும் "எஸ்ஆர்" என்று தொடங்கும் குறியீடும் ஒன்றாக இருப்பது நல்லது. "கியூ" என்று தொடங்கினால் அது விற்பனைக்கு வராத மாதிரிச் சிப், தொடாதீர்கள். மாடல் எண்ணின் முதல் இலக்கத்தையும் பாருங்கள்: இ5-26 என்று தொடங்குவது இரண்டு சாக்கெட்டுக்கு, இ5-16 ஒரு சாக்கெட்டுக்கு மட்டும். உள்ளே இருப்பது 16 வகை என்றால் பக்கத்தில் எதைப் போட்டாலும் ஓடாது. இரண்டையும் 26 வகையாக மாற்ற வேண்டும். பயோஸைப் பழைய புரோசசர் இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள்.

அடுத்து அந்த இரண்டாவது சாக்கெட்டுக்கான ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகக் கட்டி), விசிறி, தனி 8 பின் பவர் வயர். எச்பி இசட்640 போன்ற சிலவற்றில் இரண்டாவது புரோசசர் தனிப் பலகையில் வரும். அதையும் தேட வேண்டும். ராமும் பிரிய வேண்டும். இ5 வி3, வி4 வகையில் ஒவ்வொரு புரோசசருக்கும் நான்கு ராம் வழிகள். எட்டுக் குச்சியையும் முதல் பக்கத்திலேயே வைத்துவிட்டால் இரண்டாவது புரோசசர் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் போய் எடுத்து வரும். பக்கத்துக்கு நான்கு என்று வையுங்கள். இவை ரெஜிஸ்டர்டு ஈசிசி (பிழையைத் தானே திருத்தும் சர்வர்) வகை ராம். சாதாரண டெஸ்க்டாப் ராமைக் கலந்தால் கணினி எழவே எழாது.

பொருத்தும்போது அவசரம் கூடாது. இந்தச் சாக்கெட்டில் 2,011 நுண்ணிய ஊசிகள் போர்டிலேயே இருக்கின்றன. மூடியைத் திறந்ததும் கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஊசிகள் எல்லாம் ஒரே சீராக மின்ன வேண்டும். ஒரு புள்ளி மட்டும் இருண்டோ வேறு திசையில் மின்னியோ தெரிந்தால் அங்கே ஊசி வளைந்திருக்கிறது. அதன் மேல் புரோசசரை வைத்து அழுத்தினால் ஒரு ராம் வழி காணாமல் போகலாம், போர்டே போகலாம். புரோசசரை நேராக இறக்குங்கள், தேய்க்காதீர்கள். தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) பட்டாணி அளவு நடுவில் போதும். ஹீட்சிங்க் திருகுகளை எதிர் எதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

10. ரெண்டு ஐ7 வாங்கி ஒரே போர்டுல போட முடியுமா?

முடியாது. கோர் ஐ வகையிலும் ரைசனிலும் இன்னொரு புரோசசரோடு பேசும் இணைப்பே கிடையாது. அந்த வழி ஸீயானில் சிலவற்றிலும் ஏஎம்டியின் சர்வர் வகையான எபிக்கிலும்தான். எபிக்கிலும் மாடல் எண் "பி" என்று முடிந்தால் அது ஒற்றைச் சாக்கெட்டுக்கு மட்டும்.

11. ரெண்டும் போட்டாச்சு, பயோஸ்ல ரெண்டும் தெரியுது. விண்டோஸ்ல சாக்கெட் 1 தான் காட்டுது. ஏன் சார்?

விண்டோஸ் ஹோம் போட்டிருப்பீர்கள். ஹோம் ஒரு சாக்கெட்டை மட்டுமே பயன்படுத்தும். புரோ இரண்டு, வொர்க்ஸ்டேஷனுக்கான புரோ நான்கு. கோர் எண்ணிக்கைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை: 16 கோர் உள்ள ஒரே புரோசசரை ஹோம் முழுதாக ஓட்டும், 4 கோர் வீதம் இரண்டு புரோசசரில் பாதியை விட்டுவிடும். புரோவுக்கு மேம்படுத்தும் செலவையும் 8-ஆம் கேள்வியின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெய்நிகர் கணினி உருவாக்குபவர்களும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். அமைப்பில் "4 சாக்கெட், தலா 1 கோர்" என்று வைத்தால் உள்ளே ஓடும் விண்டோஸ் புரோவுக்கு இரண்டுதான் கிடைக்கும். "1 சாக்கெட், 4 கோர்" என்று மாற்றுங்கள்; நான்கும் வரும்.

மொத்த த்ரெட் 64-ஐத் தாண்டினால் இன்னொரு சிக்கல். விண்டோஸ் அவற்றைக் குழுக்களாகப் பிரிக்கும். 22 கோர் ஸீயான் இரண்டு போட்டால் 88 த்ரெட் 44, 44 ஆகப் பிரியும். பழைய மென்பொருள்கள் ஒரு குழுவுக்குள்ளேயே நின்றுவிடும். பாதிக் கணினி உறங்குவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

12. ஒரு பக்கம் 32, இன்னொரு பக்கம் 32 ஜிபி. மொத்தம் 64-ஆ, இல்ல ஒவ்வொண்ணுக்கும் 32-ஆ?

மொத்தம் 64-தான். எந்த மென்பொருளும் முழு 64-ஐயும் பயன்படுத்தலாம். ஆனால் 1-ஆம் கேள்வியின் இரண்டு சாமான் அறைகளை நினைவில் வையுங்கள். தன் பக்க ராமை எடுப்பது விரைவு; சாலையைக் கடந்து மறுபக்க ராமை எடுக்கக் கூடுதல் நேரம். நூமா என்று இதைச் சொல்வார்கள். நன்றாக எழுதப்பட்ட சர்வர் மென்பொருள் தன் பக்கத்திலேயே தேங்காயை வைத்துக்கொள்ளும். சாதாரண டெஸ்க்டாப் மென்பொருளுக்கு இந்த அறிவு இருக்காது. சில விளையாட்டுகள் இரண்டாவது புரோசசரைப் போட்ட பிறகு மெதுவாவதற்கு இதுவே காரணம்.

13. ஒரு புரோசசர் கெட்டுப்போனா இன்னொண்ணு தாங்கிக்கும்தானே? அதுக்காகவே ரெண்டு வாங்கலாம்னு நினைக்கிறோம்.

தாங்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று செத்தால் கணினி அந்த நொடியே நின்றுவிடும். பிறகு கழற்றி, நல்லதை முதல் சாக்கெட்டில் வைத்து ஓட்டலாம், அவ்வளவுதான். போர்டும் பவர் சப்ளையும் ஒன்றே என்பதால் இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

வேலை நிற்கக்கூடாது என்பதுதான் கவலை என்றால் ஒரே மாதிரி இரண்டு சாதாரண கணினி வாங்குங்கள். ஒன்றில் வேலை, மற்றதில் ஒவ்வொரு இரவும் நகல். நகலை வைத்து வேலையை அங்கே தொடர முடிகிறதா என்று மாதம் ஒரு முறையாவது ஓட்டிப் பாருங்கள்.

14. எஸ்டேட் ஆபீஸ்ல எட்டுப் பேர் கணக்கு மென்பொருள் பயன்படுத்துறோம். சர்வருக்கு ரெண்டு புரோசசர் வேணும்னு விற்கிறவர் சொல்றார்.

எந்தத் தரவுத்தளம் (கணக்குத் தரவைச் சேமித்து எடுத்துத் தரும் மென்பொருள்) என்று முதலில் கேளுங்கள். பல கணக்கு மென்பொருள்கள் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஓடுகின்றன. அது ஒரு சாக்கெட் அல்லது 4 கோர், இதில் எது குறைவோ அதற்கு மேல் தொடாது. தரவுக்கென்று 1.4 ஜிபி அளவு நினைவகம்தான் எடுக்கும். 2019, 2022 பதிப்புகளில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபியில் நின்றுவிடும். இரண்டாவது புரோசசர் அந்த மென்பொருளுக்குக் கண்ணிலேயே படாது. வேகமான 4 முதல் 6 கோர், ஈசிசி ராம் 16 ஜிபி, ஒன்றுக்கொன்று நகலாக இரண்டு எஸ்எஸ்டி போதும்.

கட்டணப் பதிப்புக்குப் போனால் உரிமத்தைக் கோர் கணக்கிலும் விற்கிறார்கள். அங்கே மெதுவான 28 கோர் வாங்குவது, மெதுவாக ஓடுவதற்கு அதிக உரிமத்தொகை கட்டுவதாகும். வேகமான குறைந்த கோர்தான் லாபம்.

15. மதியம் ரெண்டு மணி ஆனா வேகம் குறைஞ்சிடுது. கோர் பத்தலையா?

சூடு. ஏர்கோன் இல்லாத தகரக்கூரை அறையில் காற்றே 33, 34 டிகிரி. புரோசசர் தன் எல்லையை (12-ஆம் தலைமுறை இன்டெல்லுக்கு 100, ரைசன் 7000-க்கு 95 டிகிரி) தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறியையும் ஹீட்சிங்கையும் தூசி தட்டுங்கள், மூன்று நான்கு வருடமான தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இரண்டு புரோசசர் கணினியில் பல சமயம் முதல் புரோசசரைத் தாண்டிய சூடான காற்றுதான் இரண்டாவதற்குப் போகிறது; அதனால் அதுவே முதலில் தளரும்.

மாலை மழைக்கு முன் இடி இருக்கிறது. யுபிஎஸ் வாங்கும்போது விஏ-வைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள்: 650 விஏ பெட்டி பலவற்றில் 360 வாட்தான். ஐ5 கணினிக்குப் போதும். 8-ஆம் கேள்வியின் 400 வாட் கணினியை அதில் மாட்டினால் கரண்டு போன நொடியில் அதுவும் போய்விடும்.

16. ரைசன்ல மூடிக்குள்ள ரெண்டு மூணு சில்லு இருக்குதாமே? அப்போ அதுவும் பல புரோசசர்தானே?

நல்ல கேள்வி. பென்டியம் டி-யிலேயே, 2006-இல் வந்த 900 வரிசையில் இரண்டு சில்லு இருந்தன. ரைசன் 9 7950எக்ஸ்-இல் 8 கோர் சில்லு இரண்டும் ராமைக் கவனிக்கும் சில்லு ஒன்றும். ஆனால் சாக்கெட் ஒன்று, சாமான் அறை ஒன்று. விண்டோஸ் ஹோமுக்கும் அது ஒரே புரோசசர். ஒரு சில்லிலிருந்து மறு சில்லுக்குத் தகவல் போகச் சிறு தாமதம் உண்டு; சாக்கெட் தாண்டிப் போவதைவிட அது குறைவு.

17. அப்போ ரெண்டு சாக்கெட் யாருக்குத்தான் வேணும்?

ராம் இடமும் விரிவாக்க வழிகளும் ஒரு சாக்கெட்டில் தீர்ந்துபோனவர்களுக்கு. டெஸ்க்டாப் போர்டில் ராம் குச்சிக்கு நான்கு இடம். இரண்டு சாக்கெட் வொர்க்ஸ்டேஷனில் பதினாறு வரை. ஒவ்வொரு இ5 வி4 புரோசசரும் 40 பிசிஐ வழிகள் (கார்டுகளைப் புரோசசரோடு இணைக்கும் பாதைகள்) தரும். இரண்டு சேர்ந்தால் 80. இரண்டாவது சாக்கெட் காலியாக இருந்தால் அதைச் சேர்ந்த ராம் இடங்களும் சில கார்டு இடங்களும் இயங்காது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். பத்துப் பதினைந்து மெய்நிகர் கணினிகளை ஓட்டிப் பழகும் நெட்வொர்க் மாணவர், லினக்ஸில் 3டி படம் இரவெல்லாம் ஓட்டுபவர், நான்கு கிராஃபிக்ஸ் கார்டு மாட்டுபவர்: இவர்களுக்குப் பழைய இரட்டை ஸீயான் நியாயமான வாங்குதல்.

புதிதாகவே வாங்கும் வசதி இருந்தால் அங்கேயும் இரண்டு சாக்கெட்டின் இடம் சுருங்கிவிட்டது. 2022-இல் வந்த எபிக் 9654 ஒரே சாக்கெட்டில் 96 கோர் தருகிறது.

18. பழைய மெஷினுக்குக் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி எப்படிச் சோதிக்கிறது?

நேரில் போங்கள். டாஸ்க் மேனேஜரில் சாக்கெட், கோர், ராம் மூன்றும் விளம்பரத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ராம் குறைவாகக் காட்டினால் 9-ஆம் கேள்வியின் வளைந்த ஊசியைச் சந்தேகியுங்கள். பிறகு எச்டபிள்யுஇன்ஃபோ என்ற, சூட்டைக் காட்டும் இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாக் கோரையும் நிரப்பும் ஒரு சோதனையை இருபது நிமிடம் ஓட்டுங்கள், சினிபெஞ்ச் போதும். இரண்டு புரோசசரின் சூட்டிலும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஒன்றின் பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது விசிறி சுற்றாது. அதுவரை யாரும் அவசரப்படுத்தினால் வாங்க வேண்டாம்.